தவில் மாமா பற்றி உனக்கு

பாம்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

"என் கல்யாணத்துக்கு அவரை வாசிக்க வச்சது தப்பாம்மா?" என்று தவில் மாமா இறந்துபோன சேதி கேட்டு நீ போனில் அழுதபோது எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாளாக மனசில் அதுவேதான் கிடக்கிறது.

தப்பில்லை. நாள் குறிக்கும்போது அப்பா ஜோசியரிடம் போகும் முன்னால் தவில் மாமாவிடம்தான் போனார். செவ்வாய், வியாழன், சனி அவருக்கு டயாலிசிஸ். "ஞாயித்துக்கிழமை வைங்க மச்சான், முந்தின நாள் ரத்தம் சுத்தம் பண்ணிட்டுத் தெம்பா வந்து உக்காருவேன்" என்றார். அவர் சொன்ன கிழமையில்தான் உனக்கு முகூர்த்தம் பார்த்தோம்.

அவர் கையில் ஃபிஸ்டுலா போட்ட கதையை நான் உனக்குச் சொன்னதில்லை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைப்பார்கள். அதிகம் புழங்காத கையாகப் பார்த்துத்தான் செய்வார்கள். "உங்களுக்கு எந்தக் கை வேலைக் கை?" என்று டாக்டர் கேட்டாராம். "ரெண்டும்தான் சார்." வலது கை விரலில் கூடு மாட்டித் தவிலின் வலது முகமான வலந்தலையில் வாசிக்கணும், இடது கை குச்சி பிடித்து இடது முகமான தொப்பியில் அடிக்கணும். எதைக் கொடுப்பார்? கடைசியில் இடதைக் கொடுத்தார். தையல் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் குச்சியைத் தொட்டார். தோளில் மாட்டி நின்று வாசிப்பதை அதோடு விட்டுவிட்டார். சுவாமி புறப்பாட்டில் தவில் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பார், கூடப் போகமாட்டார். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் வண்டு அடைத்து வைத்தது மாதிரி அதிர்வு, விடாமல். "காலையில எந்திரிச்சதும் இது ஓடுதான்னு பாக்கணும்க்கா, நின்னுட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஆண்டவன் உள்ளயே சுருதிப் பெட்டி வச்சுட்டான்" என்றார். நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருக்கலாம்.

தோள்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை பல வருஷம், கூடவே பிரஷர். இரண்டும் சேர்ந்துதான் கிட்னியைக் கெடுத்தது என்றார்கள். நீயும் தலைவலி என்றால் உடனே மாத்திரையைத் தேடுகிறவள், அதனால் சொல்கிறேன்.

அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். சித்திரை வெயிலில், இந்த உப்புக்காற்றில், இரண்டு மணி நேரம் தவில் அடித்துவிட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். உன் கல்யாணத்தில் இளநீர் கொடுத்தவனிடம் "மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பா" என்று சிரித்தாரே, அது உபசாரம் இல்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், அவருக்கு ஆகாது. கருவாடும் அவருக்கு ஆகாது என்று அத்தை அதைச் சமைப்பதையே நிறுத்திவிட்டாள்.

2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டம் நின்ற சமயத்தில்தான் அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரம் மூன்று நாள் விடிவதற்கு முன் ராமநாதபுரத்துக்குப் பஸ். ரோட்டுப் பாலத்தில் போகும்போது பக்கத்தில் புது ரயில் பாலம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே போவார். 2025 ஏப்ரலில் திறந்ததும் ஒரு தடவை ரயிலில் போய்விட்டு வந்து சொன்னார்: "பழைய பாலத்துல ரயில் விளம்பத்துல, மெதுவாப் போகும்க்கா. இப்பக் காலப்பிரமாணம் கூடிப்போச்சு." தொடையில் தட்டியும் காட்டினார்.

இப்போது ஒரு காரியம். கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் சினிமாப் பாட்டைப் போட்டு மேளத்தை அமுக்கிவிட்டார்கள். நீ அலங்காரம் முடிந்து வர நேரமானபோது அவர் இருபது நிமிஷம் தனி வாசித்தாரே, அதை உன் கொழுந்தன் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அத்தை வீட்டில் அவர் வாசிப்பு ஒன்றுகூட இல்லை. அவர் பையன் வந்து கேட்டுவிட்டுப் போனான். அவன் இப்போது அந்தக் குச்சியை எடுத்து வைத்துப் பழகுகிறான்.

கொழுந்தனிடம் வாங்கி அனுப்பு. ஆள் பேசுகிற சத்தம் இருந்தாலும் பரவாயில்லை, எதையும் வெட்டாமல் முழுசாக அனுப்பு.

அம்மா