பாசிட்டிவ் வந்தால் நோயா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் முதுகுத்தண்டு வாதம் பற்றி வந்த கட்டுரை, எச்.எல்.ஏ. பி27 மரபணு இருந்தாலே நோய் வரும் என்கிற தொனியில் முடிந்திருந்தது. கணக்கு தலைகீழ். ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் இந்த முதுகுத்தண்டு வாத நோயாளிகளில் பெரும்பாலோருக்கு பி27 உண்டு, சரி, இது 1973-லேயே தெரிந்த விஷயம். ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. எச்.எல்.ஏ. மரபணுக்கள் கிருமியை உடம்புக்குக் காட்டிக்கொடுப்பவை, எல்லோருக்கும் வேண்டியவை. அதில் சில வகைகள் சில நோய்களின் வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான்.

என் அக்கா மகனுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கும் இந்த பி27 இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதிக் கொடுத்தார்கள். தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்' என்று தாள் வந்ததும் அக்கா அவனுக்குப் பெண் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள் (ஜாதகத்தில் செவ்வாய் இருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்!). அப்புறம் பார்த்த வாத நோய் மருத்துவர், காலையில் எழுந்ததும் முதுகு வெகுநேரம் விறைத்திருக்கிறதா, நடமாடினால் குறைகிறதா என்று கேட்டார். இந்த நோயின் அடையாளங்களான அவை இரண்டும் அவனுக்கு இல்லை. பத்து நாளில் வலியும் போய்விட்டது. பரிசோதனைக் கூடங்கள் முடிவுத் தாளிலேயே, 'இது இருப்பதால் மட்டும் நோய் என்று பொருளல்ல' என்று தமிழில் ஒரு வரி அச்சிட அரசு உத்தரவிடலாம்.

- வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை-33