அந்த ப்ளாக்கைக் குடுத்துருங்க டாக்டர்

மதிப்புக்குரிய ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் லேப் டாக்டர்களுக்கும்,

வணக்கம். அக்காவுக்கு மார்புல இருந்த கட்டிய நீங்கதான் ஆபரேஷன் பண்ணி எடுத்தீங்க, அந்தக் கட்டியோட துண்ட மெழுகுல பதிச்சு வச்சிருக்குற ப்ளாக்கக் கேட்டுத்தான் எழுதுறேன். ஃபைல் உங்ககிட்டயே இருக்கு, அதனால மத்தத முதல்ல இருந்து சொல்லல. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்ட லயத்துல இருந்து குமுளி மலை இறங்கி நாலு தடவ வந்துட்டோம், நாலு தடவையும் "ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே, ப்ளாக்லாம் தர மாட்டோம்"னு அனுப்பிட்டீங்க. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நாள் கொழுந்துக் கூலி போச்சு. தையல் கூட சரியா ஆறல, கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்புறப்பல்லாம் ஒரு கையால முன்சீட்டுக் கம்பியப் பிடிச்சு இன்னொரு கையால நெஞ்ச அமுக்கிக்கிட்டு பல்லக் கடிச்சுட்டே வந்தா, லோயர் கேம்ப் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல.

ரிப்போர்ட்ல இருக்குறது "ஸ்பிண்டில் செல் கட்டி, ஐஎச்சி பாக்கவும்", அவ்ளோதான். அதாவது ரெண்டு முனையும் கூரா நீளமா இருக்குற செல்லு உள்ள கட்டி, அது எந்த வகைன்னு தனிச் சாயம் போட்டுப் பாக்கணும்னு அர்த்தம். அந்த செல்லு மார்புல வேகமா வளர்ற ஃபைலாய்ட்ஸ் கட்டியிலயும் இருக்கும், இணைப்புத் திசுவுல வர்ற சர்கோமாங்குற புற்றுநோய்லயும் இருக்கும், மார்புப் புற்றுநோய்லயே செல்லு உருமாறுற அபூர்வ ரகமான மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமாவுலயும் இருக்கும், எதுன்னு தெரியாம எப்படி வைத்தியம் பண்றது? கெராட்டின், சிடி34ன்னு சாயம் போட்டுப் பாக்கணும், அதுக்கு மெழுகு ப்ளாக்ல இருந்து புதுசா சீவி எடுக்கணும்னு திருவனந்தபுரத்துல டாக்டரம்மா பேப்பர்ல வரைஞ்சே காட்டினாங்க. மார்புப் புற்றுநோய்ல நூத்துக்கு ஒண்ணு கூட சர்கோமா வராதாம். அதனால உடனே கண்டுபிடிக்கலன்னு கோவம் இல்ல. ப்ளாக்க பூட்டி வச்சிருக்கீங்களே, அதுதான் வயிறு எரியுது.

கேக்கக் கூடாதுன்னு இருந்தேன், ஆனா கேக்குறேன். எலுமிச்சங்காய் அளவு இருந்தது மூணே மாசத்துல மாதுளம்பழம் ஆச்சு, அதுக்கு ஊசியால உறிஞ்சி மட்டும் பாத்துட்டு ஃபைப்ரோஅடினோமா, அதாவது புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டின்னு எழுதிட்டீங்க. இவ்ளோ வேகமா வளர்ற கட்டிக்கு, தடிச்ச ஊசியால சதைத் துண்டு எடுத்துப் பாக்குற கோர் பயாப்ஸி எடுக்க வேண்டாமா? சாதாரணக் கட்டின்னு நெனச்சு அத மட்டும் தோண்டி எடுத்தீங்க, சுத்தி உள்ள சதைய விட்டுட்டீங்க, இப்ப மறுபடி ஆபரேஷன்னு சொல்றாங்க. சர்கோமாவா இருந்தா ரத்தம் வழியா நுரையீரலுக்குப் போகுமாம். சிடி ஸ்கேன் எடுத்தோம், இப்போதைக்கு ஒண்ணுமில்லன்னாங்க. அந்த "இப்போதைக்கு" வீட்டுல யாரையும் தூங்க விடல.

மரியாதையோட கேட்டுக்குறேன், ப்ளாக்கையும் ஸ்லைடையும் குடுங்க. எந்த ஃபார்ம்னாலும் கையெழுத்து போடுறோம், டெஸ்ட் முடிஞ்சதும் நானே திருப்பிக் கொண்டு வந்து தர்றேன். வியாழக்கிழமை காலைல முதல் பஸ்ஸுக்கு வருவேன். அக்காவோட கையெழுத்து வாங்கிட்டு நான் மட்டும்தான் வருவேன், அவள இன்னொரு தடவ அந்த மலை இறக்க மாட்டேன்.