வாய்ச்சொல் கல்லூரியையும் கட்டுப்படுத்த வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல) ஆட்டக்காரர் சேர்க்கைக் காலம் வந்தாலே ஒரு வசை கிளம்பிவிடும்: பள்ளிப் பையன் ஒரு கல்லூரிக்கு வருவதாக வாய்மொழியாக வாக்குக் கொடுத்துவிட்டு வேறொன்றுக்குத் தாவிவிட்டான் என்று. 2021 டிசம்பரில் டிராவிஸ் ஹன்டர் ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டு ஜாக்சன் ஸ்டேட்டில் கையெழுத்திட்டபோதும், 2024 நவம்பரில் பிரைஸ் அண்டர்வுட் எல்எஸ்யுவிலிருந்து (லூசியானா ஸ்டேட்) மிச்சிகனுக்கு மாறியபோதும் பேச்சு இதுதான். கல்லூரி கைவிடும் பையன்கள் செய்தியில் வருவது அபூர்வம். ஒரு போன் அழைப்பில் அது முடிந்துவிடும். சில சமயம் அந்த அழைப்பும் வராது. பயிற்சியாளர் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி வாய்மொழி ஒப்புதல் இரு தரப்பில் யாரையும் கட்டுப்படுத்தாது. இன்னொரு விதியைப் பலரும் கவனிப்பதில்லை: கையெழுத்தாகும்வரை அந்தப் பையனைச் சேர்ப்பது பற்றிப் பயிற்சியாளர் பொதுவெளியில் பேசக் கூடாது. எனவே பையனின் வாக்கு சமூக ஊடகத்தில் ஊரறிய நிற்கிறது. கல்லூரியின் வாக்குக்குச் சாட்சியே இல்லை. பழி ஒரு பக்கமே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'ஆஃபர்' என்றால் உதவித்தொகையுடன் அணியில் இடம் தரும் அழைப்பு. ஆனால் ஆஃபர் என்று சொல்லப்படுவதெல்லாம் ஆஃபர் அல்ல. "உனக்கு ஆஃபர் இருக்கிறது" என்பார்கள். பையன் "சரி, வருகிறேன்" என்றால், "கோடை முகாமில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். அதே இடத்துக்கு மூன்று நான்கு பேரிடம் பேசிவைத்து, முதல் விருப்பம் கிடைத்ததும் மற்றவர்களைக் கழற்றிவிடுவது பழைய வழக்கம். "செப்டம்பரில் வேண்டாம், ஜனவரியில் வந்து சேர்" என்னும் கிரேஷர்ட் யோசனையைக் கடைசி வாரத்தில் அவிழ்ப்பவர்களும் உண்டு. இப்போது, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் சேர்ந்துகொண்டது. கல்லூரி ஆட்டத்தில் தேறிய இருபத்திரண்டு வயதுக்காரர் கிடைக்கும்போது, பள்ளி மாணவனுக்குச் சொன்ன சொல் எளிதில் பின்னால் போகிறது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது போடப்பட்டு, 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்குச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 85 உதவித்தொகை என்ற வரம்பு போய், அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் ஓரமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் இதனால் சுருங்கிவிட்டது.

எவ்வளவு இளம் வயதில் சொன்னாலும் வாக்கு வாக்குதான் என்பவர்கள் டேவிட் சில்ஸை நினைத்துப் பார்க்கட்டும். 2010இல் 13 வயதில் யுஎஸ்சிக்கு (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஒப்புக்கொண்டார். அவரை அழைத்த தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின் 2013இல் நீக்கப்பட்டார். சில்ஸ் கடைசியில் ஆடியது வெஸ்ட் வர்ஜீனியாவில். இதில் யார் வாக்குத் தவறினார்கள் என்று தேடுவது வீண். அந்த வயதில் வாக்குக் கேட்டதுதான் தவறு.

மாணவர் கல்லூரியில் சேர்வதை உறுதிசெய்யும் பத்திரமாக 1964 முதல் இருந்த 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' 2024 அக்டோபரில் நீக்கப்பட்டு, நிதியுதவி ஒப்பந்தமே கையெழுத்துப் பத்திரமாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல் கல்லூரி எழுத்தில் ஆஃபர் தரலாம், கையெழுத்து டிசம்பரில். அந்த ஆகஸ்ட் தேதியைத்தான் எல்லைக்கோடாக வைக்க வேண்டும். ஆகஸ்ட் 1க்கு முன் சொல்வது விருப்பம் மட்டுமே. அதை மாற்றிக்கொண்டால் யாரும் யாரையும் ஏசக் கூடாது. அதன் பிறகு ஒப்புதலை ஏற்கும் கல்லூரி, ஒரு வாரத்துக்குள் எழுத்தில் ஆஃபரை அனுப்ப வேண்டும், பையனுக்கென்று வைத்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடக் கூடாது. பையனும் மற்ற கல்லூரிகளுக்குப் போய்ப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். "நீ எங்கும் போகாதே, நாங்கள் தேடிக்கொண்டே இருப்போம்" என்று ஒரு பக்கம் மட்டும் கதவைச் சாத்தினால் அதற்கு ஒப்பந்தம் என்று பெயரில்லை.

ஒப்புக்கொள்ளும் முன் குடும்பத்தார் தலைமைப் பயிற்சியாளரிடமே நேரில் கேட்க வேண்டியவை சில உண்டு. உதவிப் பயிற்சியாளரின் சொல் போதாது. அவர் அடுத்த மாதம் வேறு கல்லூரியில் இருக்கலாம். இன்று சரி என்றால் இன்றே ஏற்பீர்களா? இதே இடத்துக்கு இந்த ஆண்டு எத்தனை பேரை எடுக்கிறீர்கள்? கடைசி ஆண்டில் முழங்கால் போனால் ஆஃபர் நிற்குமா? உதவித்தொகை ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா? 2012 முதல் பல ஆண்டு உதவித்தொகைக்கு அனுமதி உண்டு என்பதால், ஓராண்டு மட்டுமே தருகிறவர்களிடம் காரணம் கேட்கலாம். பதில்களை அன்றிரவே மின்னஞ்சலில் எழுதி, "நாங்கள் புரிந்துகொண்டது இது" என்று அனுப்பிவையுங்கள். சட்டப்படி அது அவர்களைக் கட்டுப்படுத்தாது; ஆனாலும் மறுப்பவர் எழுத்தில் மறுக்க வேண்டியிருக்கும். மதிப்பெண்ணையும் மறந்துவிடக் கூடாது. 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4க்கு 2.3 சராசரியும் இல்லாவிட்டால், கல்லூரி விளையாட்டின் உச்சநிலையான டிவிஷன் ஒன்றில் முதல் ஆண்டே களம் இறங்க முடியாது.

மனம் மாறினால் வரிசை முக்கியம்: முதலில் தலைமைப் பயிற்சியாளருக்குப் போன், பிறகு பள்ளிப் பயிற்சியாளருக்கு, அதன் பிறகே சமூக ஊடகம். கல்லூரி பின்வாங்குவதானால் அக்டோபருக்குள் சொல்லிவிட வேண்டும். 2024 முதல் டிசம்பர் கையெழுத்து மாதத்தின் முதல் வாரத்துக்கே வந்துவிட்டதால், நவம்பர் கடைசியில் கைவிடப்படும் பையன் வேறு கல்லூரியைத் தேடச் சில நாள்களே மிஞ்சும். அதற்குள் பெரும்பாலான அணிகள் தங்கள் இடங்களை நிரப்பியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்