வெயிலில் வைக்க வேண்டாம் என்ற உங்கள் பதில் குறித்து

கிளிநொச்சி
07.10.2024

முகாமையாளர்,
வாடிக்கையாளர் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் நீர்வர்ணம் வெளிறிப்போனது பற்றிய என் முதற் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதிலில் ஒரேயொரு வரிதான் இருந்தது: ஓவியத்தை வெயில் படாத இடத்தில் வைக்கவும். கிளிநொச்சியில் அப்படி ஓர் இடம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மத்தியானத்தில் நாங்களும் அங்கே போய் இருந்துகொள்வோம்.

நடந்ததை மறுபடி எழுதுகிறேன். ஜனவரியில் எங்கள் உயர்தரச் சித்திர வகுப்புக்காக உங்கள் 12 நிற நீர்வர்ணப் பெட்டிகள் 14 வாங்கினோம். பெற்றோர் சேர்த்துத் தந்த பணம். பெட்டியின் மேல் ‘ஓவியர் தரம்’, ‘நிரந்தர வர்ணம்’ என்று பொன்னெழுத்தில் இருந்தது. ஒரு மாணவி தன் அம்மம்மாவின் கூறைச்சேலையை வரைந்தாள். கொடியில் காயும் சேலை, கீழே செம்மண் முற்றம், பின்னால் இரண்டு பனை. சேலைக்கு உங்கள் கிரிம்சன் என்ற சிவப்பை நீர்க்கக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏழெட்டுப் பூச்சு ஏற்றினாள். மடிப்பின் உட்புறம் ஈரல் நிறம், வெளிப்புறம் மாதுளை முத்து. மார்ச்சில் அதைச் சட்டமிட்டு, பாடசாலை நூலகத்தில் மேற்கு யன்னலுக்கு எதிரே மாட்டினோம்.

யூலையில் கழற்றியபோது கொடியில் சேலை இல்லை. தேநீர்க் கறைபோல ஏதோ ஒன்று தொங்கியது. சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த முந்தானை நுனி மட்டும், ஒரு விரற்கடை அகலத்துக்கு, பழைய சிவப்பிலேயே இருந்தது. பிள்ளை அந்த நுனியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செம்மண் முற்றமோ இம்மியும் மாறவில்லை. அதே தாள், அதே சுவர், அதே வெயில். அந்தக் காவியும் உங்கள் பெட்டியில் இருந்ததுதான். காவி என்பது இரும்பு ஒட்சைட்டு. குகை ஓவியங்களில் பல்லாயிரம் ஆண்டு நின்ற நிறமி. வெயிலைக் குறை சொல்வதற்கு முன் இதற்கு நீங்கள் விடை சொல்ல வேண்டும்.

பிறகு நானே சோதித்தேன். உங்கள் கிரிம்சனை ஒரு தாள் கீற்றிலும், என்னிடமிருந்த வேறொரு தயாரிப்பின் சிவப்பை இன்னொன்றிலும் பூசி, இரண்டிலும் பாதியைக் கறுப்பு மட்டையால் மூடி யன்னலில் ஒட்டினேன். எட்டு வாரம். மற்றையது அப்படியே இருக்கிறது. அதன் டியூபில் பி.வி. 19 என்று நிறமி எண் அச்சிடப்பட்டிருக்கிறது, ஒளியில் எளிதில் வெளிறாத குவினாக்ரிடோன் வகை. உங்கள் டியூபில் எந்த எண்ணும் இல்லை, ஆகவே ஊகிக்கத்தான் முடியும். அலிசரினாக இருக்கலாம். மஞ்சிட்டி இனத்து வேரில் உள்ள சாயம் அது. 1868 இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். அழகான சிவப்பு. தடிப்பாகப் பூசினால் ஓரளவு தாங்கும், மெல்லிய பூச்சில் ஒளி பட்டு வெளிறிவிடும். நீர்வர்ணத்தில் மெல்லிதாகப் பூசாமல் வேறென்ன செய்வது?

இது நேற்று முளைத்த தொல்லையும் அல்ல. 1888 இலேயே ரசல், ஆப்னி என்ற இருவர் நீர்வர்ணம் பூசிய தாள் கீற்றுகளைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு ஒளியில் வைத்துப் பார்த்து, பிரித்தானிய அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். 1892 இல் வின்சர் அன்ட் நியூட்டன் நிறுவனம் தன் வர்ணங்களில் என்ன இருக்கிறது, எது எவ்வளவு நிலைக்கும் என்று வெளியிட்டது. அவர்களும் வியாபாரிகள்தான். 132 ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் எங்களுக்குப் பொன்னெழுத்தைத் தருகிறீர்கள்.

அல்ட்ராமரின் என்று நீங்கள் பெயரிட்ட நீலத்தைப் பற்றியும் ஒரு சொல். உண்மையான அல்ட்ராமரின் தாளின் சொரசொரப்பில் மணல் மணலாகத் தங்கும். உங்களுடையது மை ஊறினாற்போல் சமமாகப் பரவுகிறது, கழுவினாலும் போவதில்லை. அமிலம் பட்டால் அல்ட்ராமரின் நிறமிழக்கும் என்பதால், தேசிக்காய்ச் சாறு விட்டு ஓர் இரவு வைத்தேன். என் பழைய டியூபின் நீலம் வெளுத்தது. உங்களுடையது அசையவில்லை. அது அல்ட்ராமரின் அல்ல, தாலோ நீலம் என்ற வேறொன்று என்றே நினைக்கிறேன். அது நல்ல நிறமி, நன்றாக நிலைக்கும். அதன் பெயரிலேயே விற்றிருக்கலாம்.

மலிவான வர்ணம் செய்வதை நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைகள் பழகுவதற்கு அது வேண்டும். ‘மாணவர் தரம்’ என்று எழுதி, அதற்குரிய விலையைப் போட்டிருந்தால் பயிற்சித் தாளோடு நிறுத்தியிருப்போம். அந்தச் சேலையை அதில் வரைய விட்டிருக்க மாட்டேன்.

12 நிறங்களின் நிறமி எண்களையும் எழுத்தில் தாருங்கள். 14 பெட்டிகளின் விலையைத் திருப்பித் தாருங்கள். ‘நிரந்தர வர்ணம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். 21 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். தொலைபேசியில் அழைக்கச் சொல்ல வேண்டாம். இருமுறை அழைத்தேன், தமிழ் தெரிந்தவர் நான்கு மணிக்குப் பின் வருவார் என்றார்கள், இரண்டு நாளும் வரவில்லை.

பற்றுச்சீட்டின் பிரதியும் இரண்டு கீற்றுகளும் இத்துடன் உள்ளன. மூடிவைத்த பாதி எது என்று உங்கள் கீற்றில் நான் குறிக்கவில்லை, பார்த்தாலே தெரியும். ஓவியத்தை அனுப்ப முடியவில்லை. மாணவி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

இப்படிக்கு,
சித்திர ஆசிரியை