முதலில் எர்த் குழி, அப்புறம் கிராபிக்ஸ் கார்டு

மன்னார்குடி
மாசி 8

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உளுந்து முளைத்து நாலு இலை விட்டிருக்கிறது, இந்தப் பனி போதும். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று பெரியண்ணன் சொன்னார்.

பொங்கலுக்கு நீ மூன்று தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை மாப்ளே. நீ சென்னைக்குப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் எரிந்துபோய்விட்டது. எடுத்தால் "அது எப்படிடா ஓடுது?" என்று நீ கேட்பாய், அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இருந்துவிட்டேன். எழுத்தில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

மார்கழி கடைசி, ராத்திரி எட்டு மணி இருக்கும். நல்ல காற்று. வாய்க்கால் கரைத் தென்னையிலிருந்து ஒரு மட்டை கம்பி மேல் விழுந்தது. கரண்ட் போயிருந்தால் பரவாயில்லை. போகவில்லை. லைட்டெல்லாம் பளீரென்று எரிந்தது, ஃபேன் தறிகெட்டுச் சுற்றியது. நான் மெயினை அமர்த்த ஓடுவதற்குள் மேசைப் பக்கம் 'பட்'டென்று ஒரு சத்தம், அடுத்தது கருகல் வாடை. தெருவில் ஐந்து டிவி போயிற்று, கோடி வீட்டில் ஃபிரிட்ஜும் போயிற்று.

மறுநாள் நம் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, நியூட்ரல் கட் என்றார். கம்பத்தில் வருகிற மூன்று பேஸில் வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி எல்லோருக்கும் பொது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் ஒரு பேஸில் இருக்கிற வீடும் இன்னொரு பேஸில் இருக்கிற வீடும் ஒன்றோடொன்று கோத்த மாதிரி ஆகி, இரண்டு பேஸுக்கு நடுவில் இருக்கிற 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதுவும் சரிபாதியாக இல்லை. எந்த வீட்டில் லோடு குறைவோ அந்த வீட்டின் மேல்தான் அதிக வோல்ட் ஏறும். எதிர்வீட்டில் அன்றைக்கு ஹீட்டர் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு லைட்டும் ஒரு ஃபேனும் உன் கம்ப்யூட்டரும்தான்.

கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி வெடித்து மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஹார்டு டிஸ்க் பிழைத்தது. அதில்தான் கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் நீ வந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. அப்பா கொல்லையில் விழுந்து கிடக்கிற தென்னைகளை எண்ணிக்கொண்டு நிற்கிற படம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் அவரை நேராக நிற்க வைத்து ஒரு படம்கூட நாம் எடுக்கவில்லை. டிஸ்கை ஒயர்மேன் பையனிடம் கொடுத்து, அவன் லேப்டாப்பில் மாட்டி, அந்தப் படம் திறந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சம்பா கொள்முதல் பணம் பாங்கில் ஏறிவிட்டது. உரக்கடைக் கணக்கையும் கதிர் அறுப்பு மிஷின் வாடகையையும் தீர்த்துவிட்டு, 75 ஆயிரம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறேன். கேம் ஆடுகிற கம்ப்யூட்டர். நாற்பத்திரண்டு வயதில் இது எதற்கு என்று நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, நீ அரை மணி நான் அரை மணி என்று வைஸ் சிட்டி ஆடினோமே, அன்றைக்கே நினைத்த ஆசை இது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பிசிக்கு வந்தது 2019இல். அந்தக் குதிரையில் ஏறி ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா சுற்றி வர வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய லிஸ்ட்டை இத்தனை நாளும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல லிஸ்ட், ஆனால் சென்னையில் ஃபிளாட்டில் இருக்கிறவன் போட்ட லிஸ்ட். இரண்டு இடத்தில் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

முதலாவது ராம். ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5 இருக்கிற போர்டு போட்டால் பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறாய். நியாயம்தான். ஆனால் அதற்குப் புது ரகமான டிடிஆர்5 ராம் தவிர வேறு எதுவும் ஏறாது. 2025 கடைசியில் ராம் விலை ஏற ஆரம்பித்தது உனக்குத் தெரியாததா? ஏஐ சர்வர்களுக்கென்று மெமரி கம்பெனிகள் உற்பத்தியைத் திருப்பிவிட்டன, நம் மாதிரி ஒன்றிரண்டு வாங்குகிறவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை. முந்தைய ரகமான டிடிஆர்4உம் ஏறித்தான் இருக்கிறது, ஆனாலும் போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் டிடிஆர்4 போடுகிற பழைய ஏஎம்4 தான் என் கைக்கு எட்டுகிறது. அதனால் பிராசசர் ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், கூலரும் பெட்டியிலேயே வருகிறது. விலை கொஞ்சம் குறைகிறதே என்று கடைக்காரர் 5500ஐத் தள்ளப் பார்ப்பார், வாங்கக்கூடாது. பெயரில் நூறுதான் குறைவு, பிராசசருக்குள்ளேயே இருக்கிற மெமரியான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 தான். கேமில் அது தெரியும்.

ராம் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்கினால் பின்னால் இன்னொன்று சேர்க்கலாம் என்பது உன் யோசனை. நான் எட்டு எட்டாக இரண்டு வாங்குகிறேன். இரண்டாகப் போட்டால்தான் டூயல் சேனல் ஓடும், ஒற்றைக் குச்சியில் பாதை பாதியாகிவிடும். பின்னால் சேர்க்கத் தோதாக நான்கு ஸ்லாட் இருக்கிற போர்டாகப் பார்க்கிறேன். உன் பழைய மெஷினிலிருந்த ராமையாவது எடுத்துப் போடலாமா என்று மகள் பார்த்தாள். அது டிடிஆர்3, குச்சியில் வெட்டே வேறு இடத்தில் இருக்கிறது, ஸ்லாட்டில் ஏறாது.

இரண்டாவதுதான் எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம். லிஸ்ட்டின் கடைசி வரியில் "கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்., ஏதாவது ஒன்று" என்று எழுதியிருந்தாய். அந்த 'ஏதாவது ஒன்று' இங்கே ஆகாது மாப்ளே. கேபினெட்டோடு இலவசம் மாதிரி வருகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதை நம்பக்கூடாது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவதுதான் நமக்கு உபயோகப்படுகிற வாட், ஏனென்றால் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 38 ஆம்பியர் என்றால் 456 வாட். நமக்கு மொத்தம் 300 வாட் தாண்டினாலே அதிகம், அதனால் 550 வாட் போதும், ஆனால் நிஜமான 550 ஆக இருக்க வேண்டும்.

அதே ஸ்டிக்கரில் இன்புட் வரியையும் படி. 200-240 என்று போட்டிருந்தால் வேண்டாம், 100-240 என்று இருக்க வேண்டும். குறுவைக்கு நாற்று விடுகிற நேரத்தில் த்ரீ பேஸ் வந்ததும் சுற்றுவட்டாரத்து போர் மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும், வீட்டில் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடும். போன வருஷம் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். 200இல் நிற்கிற எஸ்.எம்.பி.எஸ். அந்த இரண்டு மாதமும் ஆஃப் ஆகி ஆஃப் ஆகிச் சாகும்.

உன் பழைய கம்ப்யூட்டரில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்குமே, நீகூட "செருப்புப் போட்டுக்கிட்டு உட்காருடா" என்பாயே, அது ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை பாடிக்குக் கசியவிடும். அது எர்த்துக்குப் போக வேண்டியது. நம் வீட்டில் மூன்றாவது பின் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. தாத்தா கட்டின நாளிலிருந்தே இல்லை! இத்தனை வருஷம் மகள் அதில் கை வைத்துக்கொண்டு படம் வரைந்தாள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் கம்ப்யூட்டருக்கென்று நான் முதலில் செலவு செய்தது குழி தோண்டத்தான். கிணற்றடிக்குப் பக்கத்தில் எட்டடி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி மூடியாயிற்று. நம் வண்டல் மண்ணில் எப்போதும் ஈரம் இருப்பதால் எர்த் நன்றாக நிற்கிறது என்று எலக்ட்ரீசியன் அண்ணன் சந்தோஷப்பட்டார். கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஆனால் ஒன்றையும் தெளிவாகச் சொன்னார்: இந்த எர்த் அன்றைக்கே இருந்திருந்தாலும் உன் கம்ப்யூட்டர் எரிந்துதான் இருக்கும். எர்த் நம் உயிருக்கு. நியூட்ரல் கட்டுக்குத் தனியாக ஹை-லோ கட் ஆஃப் வேண்டும். அதையும் மெயினில் போட்டுவிட்டோம். 270 தாண்டினாலும் 170க்குக் கீழே போனாலும் வீட்டையே துண்டித்துவிடும். கூடவே, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஆர்சிசிபி. மூன்றுமாகச் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டு பணத்தில் ஒரு கடி கடித்துவிட்டது, இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

யுபிஎஸ் 1000 விஏ. 600 விஏ என்பது 360 வாட் தான், கணக்குப்படி தாங்கும், ஆனால் சேவ் பண்ணி அணைக்க இரண்டு நிமிஷம் கிடைக்குமா என்று சந்தேகம். எஸ்எஸ்டி 1 டிபி. அந்த ஒரு கேமே 150 ஜிபி கேட்கிறது, 500 வாங்கினால் விண்டோஸ் போக இரண்டு கேமுக்கு மேல் இடம் இருக்காது.

கேபினெட் விஷயத்தில் மகளோடு ஒரு வாரம் சண்டை. அவளுக்குக் கண்ணாடி போட்டு, கலர் கலராக லைட் எரிகிற ஃபேன் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி லைட் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி எப்படி வந்து அப்பும் என்று உனக்குத் தெரியும், சாப்பாட்டுத் தட்டில்கூட விழும். அந்த ஃபேன் லைட்டைப் பார்த்து அத்தனையும் உள்ளே போகும், அதைத் தேடிப் பல்லி போகும். போர்டு மேல் பல்லி செத்தால் என்ன ஆகும் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவுகிற ஃபில்டரும் இருக்கிற கேபினெட், லைட் இல்லாத ஃபேன். அறுப்புக் காலத்துத் தூசிக்கும் அதுதான் சரி.

இனி கிராபிக்ஸ் கார்டு. இதில்தான் எனக்கு உன் உதவி வேண்டும். நான் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 என்று முடிவு செய்திருந்தேன். 8 ஜிபி, 132 வாட், 1080பி மானிட்டரில் நான் ஆசைப்படுகிற எல்லாம் ஓடும். நீ லிஸ்ட்டில் போட்ட, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050ஐ விட கேமில் இது வேகம். அதிலும் 3050 என்ற அதே பெயரில் 6 ஜிபி ஒன்று 2024இல் வந்தது, அது மெமரியைக் குறைத்தது மட்டும் இல்லை, கோர்களையும் குறைத்த கார்டு. பெயரைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக்கூடாது.

ஆனால் மகள் பிளெண்டர் என்கிற 3டி படம் செய்கிற சாப்ட்வேரைக் கற்றுக்கொண்டிருக்கிறாள் செல்வா. உன் கம்ப்யூட்டரில் திருவாரூர் ஆழித்தேரை அடுக்கு அடுக்காகக் கட்டிக்கொண்டிருந்தாள். 96 அடித் தேர், அதன் ஒரு படம் ரெண்டர் ஆக ராத்திரி முழுக்க ஓடும், காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் போய்ப் பார்ப்பாள். பிளெண்டருக்கு என்விடியா கார்டுதான் வேகம் என்கிறாள், படித்துப் பார்த்தேன், அவள் சொல்வது உண்மை. உன் ஆபீஸ் நண்பர் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, விற்கப்போகிறார் என்று சொன்னாயே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் கேமும் ஆடலாம், தேரும் ஓடும். பயம் என்னவென்றால், 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற டிஜிட்டல் காசைக் கிராபிக்ஸ் கார்டு வைத்துச் சம்பாதிக்கிற மைனிங் நின்றபோது இரவுபகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. அவர் எப்போது வாங்கினார், எதற்கு உபயோகித்தார் என்று நேராகக் கேள். அவர் வீட்டிலேயே மாட்டி, கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட விட்டுப் பார். சூடு எவ்வளவு ஏறுகிறது, ஃபேன் கரகரக்கிறதா, பின்பக்கம் எல்லா போர்ட்டிலும் படம் வருகிறதா, மூன்றையும் கவனி. மனசுக்குச் சரியாகப் படவில்லையென்றால் விட்டுவிடு, ரிச்சி தெருவில் 6600ஐப் பில்லோடு வாங்கிவிடு.

மற்ற எல்லாம் இங்கேயே வாங்கிக்கொள்கிறேன், எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கார்டும் மட்டும் நீ வாங்கிக்கொண்டு வா. பார்சலில் போட வேண்டாம். பங்குனியில் கோயில் திருவிழாவுக்கு எப்படியும் வருவாய், மன்னை எக்ஸ்பிரஸில் கார்டை மேல் பெர்த்தில் வைக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள். அசெம்பிள் பண்ணுகிறபோது நீ இருக்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் தடவின கூலரை பிராசசர் மேல் இறக்குகிற கை உன்னுடையதாக இருக்கட்டும், எனக்கு அங்கே கை நடுங்கும்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்குமுன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. 12 வோல்ட் கட்டமும் இன்புட் வரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். நான் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு பணம் கொடு. இனிமேல் போனை எடுப்பேன்.

உன்,
ராசு

அம்மா வடகம் போட்டிருக்கிறாள். உனக்கென்று தனி டப்பா.