குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள், உறுப்பினர் சேர்க்கை, பராமரிப்புப் பணிகள் ஆகியவற்றின் விவரங்கள் இணைப்பாக உங்கள் கையில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழு செயலாளர் என்ற முறையில் எனக்கு இட்ட சிறப்புப் பணி ஒன்றே ஒன்றுதான்: நமது வளாகத்தின் தீயணைப்பு ஹைட்ரண்டுகளும் (தீயணைப்பு வண்டியின் ஹோஸை மாட்டித் தண்ணீர் எடுக்கும் குழாய்முனைகள்) அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடுகளும் நகராட்சியின் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது. இவ்வறிக்கை அதைப் பற்றியது மட்டுமே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரண்டுகளின் எண்ணிக்கையிலோ இடைவெளியிலோ குறை இல்லை. அனுமதி பெற்ற வரைபடத்தில் காட்டிய இடங்களில்தான் அவை நிற்கின்றன. ஆனால், இவ்வாண்டின் முற்பாதியில் தீயணைப்பு வண்டி வந்து ஹோஸை மாட்டியிருந்தால், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை தேவையான அளவு தண்ணீர் தந்திருக்க மாட்டா. அந்தக் குறை இப்போது பெருமளவு நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், இத்தனை காலம் அது யார் கண்ணிலும் படாமல் இருந்தது எப்படி என்பதை உறுப்பினர்கள் அறிய வேண்டும் எனக் கருதி, அதைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

விதிகள் கேட்பது என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஊருக்கு ஊர் எண்கள் மாறினாலும், குடியிருப்பு வளாகங்களுக்கான நகராட்சி விதிகள் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரத்துக்கு, கட்டடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் என்ற மூன்று கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. பல நகராட்சிகள் தங்கள் சட்டத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் சர்வதேச தீ விதித்தொகுப்பின் பின்னிணைப்பில், தானியங்கித் தெளிப்பான் (தீயின் வெப்பத்தில் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இல்லாத, 3,600 சதுர அடிக்கு மேற்படாத தனிவீட்டுக்குக்கூட நிமிடத்துக்கு 3,785 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 2,27,000 லிட்டருக்கும் மேல். வீட்டுக்குத் தெளிப்பான் அமைத்துவிட்டால் இதே தேவை நிமிடத்துக்கு 1,900 லிட்டர் அளவுக்கும் அரை மணி நேரத்துக்கும் இறங்கிவிடுகிறது. ஹைட்ரண்டிலிருந்து கட்டடத்தின் எந்தப் பகுதிக்கும், கட்டடத்தின் வெளிப்புறமாகச் சுற்றிச் செல்லும் வழியாக அளந்தால், பொதுவாக 122 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், தெளிப்பான் உள்ள கட்டடங்களுக்கு அது 183 மீட்டர் வரை தளர்த்தப்படலாம் என்பதும் அதே தொகுப்பில் உள்ளவை. நம்மிடம் வந்த ஒவ்வோர் ஆய்வும் இந்த மூன்றாவது கேள்வியோடு, அதாவது தொலைவோடு, நின்றுவிட்டது. நாடா பிடித்து அளக்க முடிந்ததை அளந்தார்கள். தண்ணீரைத் திறந்து பார்க்க வேண்டியதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பட்டியலில் சங்கத்துக்கும் இடமுண்டு.

இவ்வாண்டு, தகுதி பெற்ற ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு முழுமையான ஓட்டச் சோதனை நடத்தினோம். இதன் முறை எளிது. ஒரு ஹைட்ரண்டில் அழுத்தமானியைப் பொருத்தித் தண்ணீர் ஓடாத நிலையில் உள்ள அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள், இது நிலையழுத்தம். பிறகு அடுத்துள்ள ஹைட்ரண்டை முழுவதுமாகத் திறந்துவிட்டு, முதல் ஹைட்ரண்டின் மானி எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இது எஞ்சிய அழுத்தம். பாயும் தண்ணீரின் நடுவே பாய்ச்சலின் வேகத்தை அழுத்தமாகக் காட்டும் பிட்டாட் மானியைப் பிடித்தால் வெளியேறும் அளவு கிடைத்துவிடும். எஞ்சிய அழுத்தம் ஏறத்தாழ 1.4 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போகாத நிலையில் எவ்வளவு தண்ணீர் எடுக்க முடிகிறதோ அதுவே அந்த ஹைட்ரண்டின் உண்மையான கொள்ளளவு. அதற்குக் கீழே இறங்கினால் தீயணைப்பு வண்டியின் பம்ப் குழாயை உறிஞ்சத் தொடங்கி, வெற்றிடம் உண்டாகி, வேறு இடத்து அழுக்குநீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்படும் அபாயமும் இருக்கிறது.

நமது கிழக்குத் தெருக்களில் நிலையழுத்தம் நான்கு பாருக்குச் சற்று மேலே இருந்தது. அந்த எண்ணைப் பார்த்தவுடன் உடன் நின்ற செயற்குழுவினர் மகிழ்ந்தோம் என்பதையும் பதிவு செய்கிறேன். அடுத்த ஹைட்ரண்டைத் திறந்ததும் மானியின் முள் ஒரு பாருக்கும் கீழே விழுந்தது. மூடிய குழாயில் நிற்கும் அழுத்தம் தொட்டியின் உயரத்தையோ பம்ப் தரும் அழுத்தத்தையோ சொல்லுமே தவிர, குழாயின் உள்ளே என்ன நிலை என்பதைச் சொல்லாது. தண்ணீர் ஓடும்போதுதான் உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இத்தனை ஆண்டுகளாகப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் மாதந்தோறும் பதிவேட்டில் எழுதிவந்தது இந்த நிலையழுத்தத்தைத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் அது ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டு நாமும் கையொப்பமிட்டு வந்திருக்கிறோம்.

காரணத்தைத் தேட மூன்று வாரம் பிடித்தது. வரைபடத்தின்படி நமது குழாய்த்தொடர் ஒரு வளையம். எந்த ஹைட்ரண்டைத் திறந்தாலும் இரு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வர வேண்டும். வளையத்தின் சிறப்பே அதுதான். குழாயில் ஓட்டம் இரட்டித்தால் உராய்வு இழப்பு இரண்டு மடங்காகாமல் ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேலாகிறது. ஆகவே, சம நீளமுள்ள இரு கைகளில் பாதிப் பாதியாக வந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரே கையில் வர நேர்ந்தால் இழப்பும் அதே மடங்கில் எகிறிவிடும். நமது வளையம் வளையமாகவே இல்லை என்று ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தது. கட்டுமான வரைபடத்தை வைத்துக்கொண்டு பிரிப்பு வால்வுகளை (குழாயின் ஒரு பகுதியை மட்டும் தனியே அடைக்க உதவும் வால்வுகள்) ஒவ்வொன்றாகத் தேடியபோது, ஒரு வால்வுக் குழியின் மூடியை எங்கும் காணவில்லை. நடைபாதைக் கற்களைப் பெயர்த்துப் பார்த்ததில் அது கல்லுக்கு அடியில், மண்ணுக்குள், கிட்டத்தட்ட முழுவதும் மூடிய நிலையில் இருந்தது. வளாகத்தைக் கட்டியவர்கள் ஏதோ ஓர் இணைப்பு வேலைக்காக அதை மூடி, திறக்க மறந்து, அதன்மேல் நடைபாதையும் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்படியானால், நாம் குடிவந்த நாள் முதலே கிழக்குப் பகுதி முழுவதும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே தண்ணீர் வரும் முட்டுக் குழாயாகத்தான் இருந்திருக்கிறது.

வால்வைத் திறந்தபின் நடத்திய மறுசோதனையில் அதே தெருக்களில் எஞ்சிய அழுத்தம் தேவையான அளவுக்கு மேலே நின்றது. தென்கிழக்கு மூலையில் உள்ள இரண்டு ஹைட்ரண்டுகள் மட்டும் இன்னும் தேறவில்லை. பிரதானக் குழாயிலிருந்து அவற்றுக்குப் பிரிந்து செல்வது 150 மில்லிமீட்டர் குழாய் என்று வரைபடம் சொல்கிறது. தோண்டிப் பார்த்ததில் இருப்பது 100 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்குதானே குறைவு என்று தோன்றலாம். ஆனால், ஒரே அளவு தண்ணீரைக் கொண்டுசெல்லும்போது 100 மில்லிமீட்டர் குழாயில் ஏற்படும் உராய்வு இழப்பு 150 மில்லிமீட்டர் குழாயில் ஏற்படுவதைப் போல ஏழு மடங்குக்கும் அதிகம். அக்குழாயை மாற்றுவதற்கான தீர்மானம் இன்று உங்கள் முன் வைக்கப்படுகிறது.

வால்வுகளைப் பொறுத்தவரை ஒரு புதிய நடைமுறையை ஏற்கெனவே தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு பிரிப்பு வால்வையும் ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மூடி, முழுவதும் திறந்து, எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதைப் பதிவேட்டில் எழுதுகிறோம். சுற்று எண்ணிக்கை சென்ற முறையைவிடக் குறைந்தால் வால்வு எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். பழுதுபார்ப்புக்காக எந்த வால்வை மூடினாலும் அதில் அட்டை கட்டித் தொங்கவிடுவதும், அட்டையின் மறுபாதி செயலாளரிடம் இருப்பதும் இனிக் கட்டாயம். மூடுவதும் திறப்பதும் மெதுவாக நடக்க வேண்டும் என்பதைப் பணியாளர்களுக்கு நேரில் செய்து காட்டினோம்; ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் எழும் நீரடி குழாய் இணைப்பையே பிளந்துவிடும்.

அடுத்தது வண்ணப்பூச்சு. முந்தைய ஆண்டில் வளாகத்தை அழகுபடுத்தியபோது ஹைட்ரண்டுகள் அனைத்துக்கும் தலைமுதல் அடிவரை பளிச்சென்று சிவப்பு அடித்தோம். அதைப் பாராட்டி அப்போது அறிக்கையில் எழுதியவனும் நான்தான். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 291ஆம் எண் பரிந்துரையின்படி ஹைட்ரண்டின் தொப்பிக்கும் மூடிகளுக்கும் இடும் நிறம் அதன் கொள்ளளவைக் குறிக்கும்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,700 லிட்டரும் அதற்கு மேலும் என்றால் வெளிர்நீலம், 3,800 முதல் 5,700 வரை பச்சை, 1,900 முதல் 3,800 வரை ஆரஞ்சு, 1,900க்குக் கீழே சிவப்பு. ஆகவே, அந்த ஒழுங்கை அறிந்த வீரர் ஒருவர் நம் வளாகத்துக்குள் வந்தால், இங்குள்ளவை அத்தனையும் ஆகக் குறைந்த தரம் என்று நாமே எழுதி வைத்திருப்பதாகத்தான் படித்துக்கொள்வார். சோதனைக்கு முன்பு, எதிர்பாராத விதமாக, கிழக்குத் தெருக்களுக்கு அது பொருந்தியும் இருந்தது. இப்போது தீயணைப்பு நிலையத்தின் ஒப்புதலோடு, சோதனையில் கிடைத்த அளவின்படி தொப்பிகளுக்கு மீண்டும் நிறம் இடப்பட்டிருக்கிறது.

ஹோஸ் மாட்டும் வாய்களின் அளவையும் மரையையும் நிலையத்தின் ஹோஸ்களோடு பொருத்திப் பார்த்தோம். இதற்கு எதற்கு ஒரு நாள் முழுவதும் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் எரிந்தபோது பிற நகரங்களிலிருந்து உதவிக்கு வந்த வண்டிகளின் ஹோஸ்கள் அங்குள்ள ஹைட்ரண்டுகளில் மாட்டவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இணைப்பு மரைகளுக்குத் தேசியத் தரம் வகுக்கும் முயற்சி அதன் பிறகுதான் அங்கே வேகம் பிடித்தது. அவ்வளவுக்குப் பிறகும், 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் 25 பேர் உயிரிழந்த தீயில், அந்நகர ஹைட்ரண்டுகளின் வாய் 3 அங்குலமாகவும் உதவிக்கு வந்தவர்களின் ஹோஸ் இரண்டரை அங்குலமாகவும் இருந்ததால் அதே சிக்கல் மீண்டும் எழுந்தது. நம்மிடம் எல்லா வாய்களும் பொருந்தின, நான்கைத் தவிர. அந்த நான்கும் பின்னர் மாற்றப்பட்ட உதிரிகள். அவை இப்போது நீக்கப்பட்டுவிட்டன.

ஓக்லாந்தில் நடந்த இன்னொன்றும் நமக்கு நேரடியாகப் பொருந்தும். தீயில் மின்கம்பிகள் அறுந்து மின்சாரம் போனதும், மேட்டுப் பகுதித் தொட்டிகளுக்கு நீரேற்றும் பம்புகள் நின்றன, தொட்டிகள் வற்றின. நமது தீயணைப்பு நீர்த்தொட்டியிலிருந்து குழாய்க்குத் தள்ளும் மின்பம்பு நின்றால் தானே இயங்க வேண்டிய டீசல் பம்ப், சோதனையன்று இயங்கவில்லை. பேட்டரி இறந்திருந்தது. புதிய பேட்டரி பொருத்தப்பட்டு, வாரந்தோறும் மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்து அது தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்கப்படுகிறது. இதனால் சனிக்கிழமை காலையில் எழும் சத்தத்தைப் பற்றி வந்திருக்கும் புகார்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீயணைப்புக்கான நீரும் வீட்டுப் பயன்பாட்டு நீரும் நமக்கு ஒரே நிலத்தடித் தொட்டியில் இருக்கின்றன. வீட்டுக்கு எடுக்கும் உறிஞ்சுகுழாயின் வாய் உயரத்தில் இருந்தால்தான், தட்டுப்பாட்டு நாட்களில்கூட அதற்குக் கீழே உள்ள தண்ணீர் தீக்கென்று மிஞ்சும். எப்போதோ ஒரு தட்டுப்பாட்டின்போது அந்த வாயை யாரோ கீழே நீட்டியிருக்கிறார்கள். அதை வெட்டிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். தொட்டியை இரண்டாகப் பிரித்து, வரும் தண்ணீர் முதலில் தீயணைப்புப் பகுதியை நிரப்பி, அது வழிந்து வீட்டுப் பகுதிக்குப் போகும்படி அமைப்பதே நிரந்தரத் தீர்வு. அப்படிச் செய்தால் தீயணைப்பு நீர் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கெடுவதும் இல்லை.

மூன்றாம் கட்டக் கட்டுமானம் தொடர்பாகக் கட்டுநருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரச்சட்டங்களும் பலகைகளும் அங்கே வந்து குவியத் தொடங்கியபோது ஹைட்ரண்டு குழாய் பதிக்கப்படவில்லை. கட்டடம் முடியும்போது எல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்றார்கள். எரியக்கூடிய பொருள் தளத்துக்கு வந்து சேரும்போதே தீயணைப்பு நீர் தயாராக இருக்க வேண்டும் என்பதே விதி. பாதி கட்டிய கட்டடத்தில் கதவும் தடுப்புச் சுவரும் தெளிப்பானும் இராது. தீ பரவ அதைவிட வசதியான நிலை வேறில்லை. நகராட்சிக்கு நாம் அனுப்பிய கடிதத்துக்குப் பிறகு, தற்காலிகக் குழாய் இழுக்கப்பட்டு, வண்டி வந்து திரும்பப் போதுமான கெட்டிப்பாதையும் போடப்பட்டது.

ஹைட்ரண்டைச் சுற்றி மூன்றடி இடம் காலியாக இருக்க வேண்டும் என்ற விதியை மீறிய செடித்தொட்டிகள், பூங்கொடி, நிறுத்தி வைத்த வண்டிகள் பற்றி இவ்வாண்டு அனுப்பப்பட்ட நினைவூட்டல்களின் பட்டியல் இணைப்பில் உள்ளது. என் வீட்டு வாசலில் இருந்த தொட்டியும் அதில் ஒன்று.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். தென்கிழக்குக் கிளைக்குழாயை 150 மில்லிமீட்டராக மாற்றுவது. நிலத்தடித் தொட்டியை இரண்டாகப் பிரிப்பது. ஹைட்ரண்டுகளை ஆண்டுதோறும் முழுவதும் திறந்து அலசிவிடுவதையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டச் சோதனை நடத்துவதையும் சங்க விதிகளில் சேர்ப்பது. வளாக எல்லையில் உள்ள இணைப்பு வால்வு நகராட்சியின் பொறுப்பா, சங்கத்தின் பொறுப்பா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை அதன் சுற்றுகளையும் நாமே எண்ணிப் பதிவு செய்து வருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்