ஞாயிற்றுக்கிழமை போன் வராததால் எழுதுகிறேன்

அன்புள்ள பாப்பா,

நாலு ஞாயிறு போய்விட்டது. பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம்தான், அதனால் தூங்கிவிட்டேன் என்று நீ சொல்லவும் முடியாது, தூங்கியிருப்பாய் என்று நான் நினைத்துக்கொள்ளவும் முடியாது. சரி, வேலை இருக்கும். கடைசியாகப் பேசியபோது, நீ கோச்சாக இருக்கும் கூடைப்பந்து அணியில் நன்றாக ஆடும் அந்தப் பெண் குடும்பத்தோடு மெல்பர்னுக்குப் போய்விட்டாள், அதற்கப்புறம் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றுவிட்டோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்கு இவ்வளவு கவலையா என்று அம்மா கேட்கிறாள்.

நீ முன்பு சொன்னதை எல்லாம் வைத்துப் பார்த்தால், பந்து எப்போதும் அவள் கையில்தான் இருந்திருக்கிறது. அவள் தட்டிக்கொண்டே உள்ளே போவாள், மற்ற நாலு பேரும் ஒதுங்கி வழி விடுவார்கள். இப்போது அவள் இல்லை, ஆனால் நாலு பேரும் இன்னும் ஒதுங்கித்தான் நிற்பார்கள், புதிதாக வந்தவள் பந்தை வைத்துக்கொண்டு முழிப்பாள். பிள்ளைகளிடம் திறமை இல்லாமல் தோற்றிருக்க மாட்டீர்கள்.

1993 அக்டோபரில் சிகாகோ புல்ஸ் அணியின் மைக்கேல் ஜோர்டன் ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்த அன்று நீ சாப்பிடாமல் படுத்தது ஞாபகம் இருக்கிறதா? முந்தைய சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 32.6 புள்ளி எடுத்த ஆள். புல்ஸ் கதை முடிந்தது என்று கீழே கோப்பிக்கடையில் நான்கூடப் பேசினேன். அவர் இருந்தபோது 57 ஆட்டம் ஜெயித்தவர்கள், அவர் இல்லாமல் 55 ஜெயித்தார்கள். யாரும் 32 எடுக்கவில்லை. பிப்பன் 22 எடுத்தார், கிராண்ட்டும் ஆம்ஸ்ட்ராங்கும் ஆளுக்குக் கிட்டத்தட்ட 15, புதிதாக வந்த குகோச் ஒரு 11. துணைக் கோச் டெக்ஸ் வின்டரின் முக்கோண ஆட்டம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மூலையில் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர், வளையத்துக்குக் கிட்டே போஸ்ட்டில் ஒருவர், நடுவில் 15 அடியாவது இடைவெளி, எதிர்ப்பக்கம் இரண்டு பேர். பந்தைக் கொடுத்தவர் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, உடனே வெட்டி ஓட வேண்டும். உன் பிள்ளைகளுக்கு முழு முக்கோணத்தையும் சொல்லிக்கொடுக்காதே, குழம்பிவிடுவார்கள். பயிற்சியில் பந்தைத் தட்டாமல் ஆட வை, நாலு பாஸ் போன பிறகுதான் ஷாட் என்று சொல். முக்கியமாக, அவள் இடத்தில் அவசரப்பட்டு இன்னொருத்தியை நிறுத்தாதே. அந்த இடம் கொஞ்ச நாள் காலியாகவே இருக்கட்டும். காலியாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டுப் படுக்காதே.

போன தடவை வீடியோவில் உன் பின்னால் இருந்த செருப்பு அலமாரி பாதி காலியாக இருந்தது போலத் தெரிந்தது. புதிது வாங்கப் போகிறாளோ என்று அம்மா கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஈசூன் அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

நீ கோச் ஆனதை இந்த புளோக்கில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் தோற்றால் போனை எடுக்காத பழக்கம் மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை. அவசரப்பட்டு யாரையும் அந்த இடத்தில் நிறுத்தாதே, மறுபடியும் சொல்கிறேன்.

1994 மே மாதம், நியூயார்க் நிக்ஸ் அணியோடு புல்ஸின் மூன்றாவது ஆட்டம், 102-க்கு 102, மீதி 1.8 வினாடி. கடைசி ஷாட் குகோச்சுக்கு என்று கோச் பில் ஜாக்சன் சொன்னதும் பிப்பன் உள்ளே போக மறுத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குகோச் போட்டார், ஜெயித்தார்கள். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று நான் திட்டினேன். "வருஷம் முழுக்க எல்லாருக்கும் கொடுத்தவருப்பா, ஒரு தடவை தனக்கு வேணும்னு தோணாதா" என்று நீ கேட்டாய். வாயை மூடு என்றேன். பிப்பன் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன், ஆனால் உன் வாயை மூடியிருக்கக் கூடாது.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நீ செகண்டரி நாலு படித்தபோது, உங்கள் கேப்டன் கணுக்கால் பிசகி வெளியே போன அந்த ஆட்டம். இனி நீ போடு என்று கோச் உன்னிடம் சொன்னார். முதல் இரண்டும் தவறின. பார்வையாளர் வரிசையில் நான் எழுந்து நின்று, "நீ போடாதே, வேற யாருக்காவது கொடு" என்று தமிழில் கத்தினேன். அங்கே அது உனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை நீ ஒரு ஷாட்கூடப் போடவில்லை. வளையத்துக்கு நேர் கீழே நின்றபோதும் பந்தை வேறு யாருக்கோ கொடுத்தாய். பஸ்ஸில் தோ பாயோ வரும்வரை நீ பேசவில்லை. நான் நல்லதைத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு நீ எதையும் உனக்கு வேண்டும் என்று கேட்டு நான் பார்க்கவில்லை. பெர்த் போவது என்று முடிவானபோதும், உனக்கு அதில் விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை, நீயும் சரி என்று மட்டும் சொன்னாய். நான் கத்தியது தப்பு பாப்பா. இத்தனை வருஷம் கழித்துத்தான் சொல்ல முடிகிறது.

கீழே கோர்ட்டில் வளையத்துக்குப் புது வலை போட்டிருக்கிறார்கள். உன் பழைய பந்து ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு டிக்கெட் போட வேண்டும், விலை ஏறுவதற்குள் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். ஒன்றா இரண்டா என்று மட்டும் சொல். ஒன்று என்றால் அப்படியே போட்டுவிடுகிறேன், ஏன் என்று அம்மாவும் கேட்க மாட்டாள்.

அப்பா